கம்ப்யூட்டர் நின்று நின்று போகிறதா? முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்!



இன்று நம்மில் பலர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு வாங்கியது, அரசு கொடுத்த லேப்டாப், குழுக் கடன் எடுத்து ஜெராக்ஸ் கடைக்கு வாங்கியது என்று ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. சில ஊர்களில் குழுவின் சேமிப்பு, கடன் கணக்கும் அதில்தான் ஏறுகிறது.

"ஹேங் ஆகி நிக்குதுங்க", "தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுதுங்க" என்று கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. துணி போட்டு மூடி மூலையில் வைத்து விடுகிறோம். இல்லையென்றால் டவுனுக்குத் தூக்கிப்போய், கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். பத்து நாளில் அதே கோளாறு திரும்பவும் வருகிறது. பணமும் போச்சு, உள்ளே இருந்த கணக்கும் போச்சு!

இந்தப் பாடத்தில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். கம்ப்யூட்டர் எப்போது நிற்கிறது என்று எழுதி வைத்தால், ஏன் நிற்கிறது என்பது பாதி தெரிந்துவிடும். கணக்கு எழுதுவது நமக்குப் புதிதா என்ன? வாராவாரம் எழுதுகிறோமே! அதே பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும்.

முதல் வேலை: கணக்கைக் காப்பாற்றுவது

பெட்டி கெட்டால் வேறு வாங்கலாம். உள்ளே இருக்கும் கடன் கணக்கையும் பிள்ளையின் சான்றிதழ் நகலையும் கடையில் வாங்க முடியாது. அதனால் வேறு எதையும் தொடும் முன், கம்ப்யூட்டர் ஓடுகிற நேரம் பார்த்து, முக்கியமான ஃபைல்களை இரண்டு பென் டிரைவில் ஏற்றுங்கள். ஒன்று உங்களிடம், மற்றொன்று வேறு உறுப்பினர் வீட்டில். ஏற்றியதோடு விடக்கூடாது. வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். குழுக் கணக்கை மாதம் ஒரு முறை பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைப்பதும் நல்லது.

இரண்டாவது வேலை: நோட்டு

ஒரு 40 பக்க நோட்டுப் போதும். ஒவ்வொரு முறையும் இவற்றை எழுதுங்கள்:

1. தேதி, நேரம். ஆன் செய்து எத்தனை நிமிடம் ஆயிற்று?
2. என்ன ஆனது? அசையாமல் நின்றதா, ஒரேயடியாக அணைந்ததா, தானாக மறுபடி ஆன் ஆனதா?
3. அப்போது என்ன வேலை செய்தீர்கள்?
4. வீட்டில் வேறு என்ன ஓடியது? கிரைண்டர், மோட்டார், அயர்ன் பாக்ஸ்? லைட் மங்கியதா?
5. திரையில் ஏதாவது எழுத்து வந்ததா? செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.
6. அண்மையில் புதிதாக ஏதாவது ஏற்றினீர்களா, மாட்டினீர்களா?

இன்னொன்று. நிற்காமல் நன்றாக ஓடிய நாளையும் எழுத வேண்டும். ஏன் என்று பாருங்கள். ஒரு வீட்டு நோட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம்:

செவ்வாய் மாலை 6.40 - மகள் படித்துக் கொண்டிருந்தாள். பட்டென்று அணைந்து மறுபடி வந்தது. பக்கத்து அறையில் அப்போதுதான் கிரைண்டர் போட்டோம்.
வியாழன் பகல் 1 முதல் 3 வரை - நல்ல வெயில். இரண்டு மணி நேரம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை.
வெள்ளி மாலை 6.30 - லைட் மங்கியது. உடனே அணைந்து வந்தது.

இதைக் கடையில் காட்டாமல் வாயால் சொன்னால், "சூடாகுதும்மா, ஃபேன் மாத்தணும்" என்று சொல்லிவிடக்கூடும். ஆனால் வியாழக்கிழமை வரி என்ன சொல்கிறது? உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கிறது. அப்படியானால் சூடு காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. கரண்ட் குறையும்போதுதான் நிற்கிறது. பார்க்க வேண்டியது யு.பி.எஸ்.ஸும் வயரிங்கும். நல்ல நாளை எழுதியதால் வீண் செலவு மிச்சம்!

கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒரு தீர்மானப் புத்தகம் எழுதுகிறது. விண்டோஸ் 7, 10, 11 இருந்தால், ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்ற வரி வரும். அதைத் திறந்தால் தேதிவாரியாக, கோளாறு நடந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். உங்கள் நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள்.

நோட்டு சொல்லும் காரணங்கள்

அ) ஆன் செய்து இருபது, முப்பது நிமிடத்தில் நிற்கிறது. பகலில் அதிகம், காலையில் குறைவு: சூடு.

பெட்டிக்குள் பிராசஸர் என்ற சில்லு இருக்கிறது. அதன் மேல் அலுமினியத் தகடுகளும் ஒரு சிறு ஃபேனும் இருக்கும். தகடுகளுக்கு இடையில் தூசி அடைத்தால் சூடு வெளியேற வழியில்லை. பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் தாங்காவிட்டால் தன்னைக் காத்துக் கொள்ள அணைந்துவிடும். ஆகவே அணைவது ஒரு எச்சரிக்கை.

நம் வீடுகளில் அழகுக்காகப் பூ வேலை செய்த துணியால் பெட்டியை மூடி வைக்கிறோம். ஓடும்போது அந்தத் துணி இருக்கவே கூடாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடுப்படிப் புகை, சாம்பிராணிப் புகை, மாவு பறக்கும் இடம் வேண்டாம். லேப்டாப்பை மெத்தை, தலையணை மேல் வைத்தால் அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடும். பலகை மேல் வையுங்கள்.

ஆ) கிரைண்டர் போட்டால், மோட்டார் ஓடினால், லைட் மங்கினால் அணைகிறது: கரண்ட்.

நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். மாலையில் எல்லோரும் மோட்டார் போடும்போது குறைகிறது. முதலில் எளியதைப் பாருங்கள். பிளக் ஆடுகிறதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகிறதா? கம்ப்யூட்டர் இருக்கும் பாக்ஸில் அயர்ன் பாக்ஸ், மிக்ஸி மாட்டாதீர்கள்.

அடுத்தது யு.பி.எஸ். அதன் உள்ளே இருக்கும் பேட்டரி பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். சோதிப்பது சுலபம். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, யு.பி.எஸ்.ஸில் ஒரு குண்டு பல்பு மாட்டுங்கள். சுவர் சுவிட்சை அணையுங்கள். பல்பு உடனே அணைந்தால் பேட்டரி தீர்ந்தது. யு.பி.எஸ். முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். பேட்டரி நன்றாக இருந்தும் அணைந்தால், பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளையைக் கடையில் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இ) நேரம் காலம் இல்லாமல் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு செய்தி வருகிறது: ரேம்.

நீலத் திரையில் வெள்ளை எழுத்து வருமே, அதுதான் செய்தி. விண்டோஸ் 11-ல் 2025-இல் அது கறுப்புத் திரையாக மாறியது. படிக்கும் முன் மறைந்துவிடுகிறதா? சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு', 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். திரை அப்படியே நிற்கும்.

ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை. பல நேரம் ரேம் கெட்டிருக்காது, சற்றே தளர்ந்திருக்கும். கழற்றி, தங்க நிறப் பற்களை மென்மையான ரப்பரால் லேசாகத் துடைத்து, இரண்டு ஓரக் கொக்கியும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினால் சரியாகிவிடும்.

ஈ) அணையவில்லை, ஆனால் அசையாமல் நிற்கிறது. 'கிளிக் கிளிக்' சத்தம் வருகிறது: ஹார்டு டிஸ்க்.

சத்தம் கேட்டால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். ஃபைல்களைக் காப்பி எடுப்பது மட்டுமே வேலை. சத்தம் இல்லை, மெதுவாகத்தான் இருக்கிறது என்றால் 'திஸ் பி.சி.'யைத் திறந்து பாருங்கள். 'சி' டிரைவின் கோடு சிவப்பாக இருந்தால் இடம் தீர்ந்துவிட்டது. வேண்டாத படம், வீடியோவை வெளியே எடுங்கள்.

உ) ஒரு குறிப்பிட்ட புரோகிராமைத் திறந்தால் மட்டும், அல்லது புதிதாக ஏதோ ஏற்றிய பிறகு: சாஃப்ட்வேர்.

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற வைரஸ் பரவியது. விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்களில் 60 நொடி எண்ணி, ரீஸ்டார்ட் செய்துவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. பல திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. அவற்றில் ஒரு பாகமும் கெடவில்லை. 'சேஃப் மோடு' என்ற வழியில் உள்ளே போய் ஒரு ஃபைலை அழித்ததும் எழுந்துவிட்டன. நம் வீட்டிலும் அப்படித்தான். சேஃப் மோடில் நன்றாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் சாஃப்ட்வேரில். கடைசியாக ஏற்றியதை நீக்கிப் பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இருந்தாலும் ஒன்றோடொன்று மோதி ஹேங் ஆகும். ஒன்று போதும்.

நாமே சுத்தம் செய்வது எப்படி?

- பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.
- வளையல், தொங்கும் சங்கிலியைக் கழற்றி வையுங்கள். நைலக்ஸ், பாலியஸ்டர் புடவை உரசினால் நிலை மின்சாரம் உண்டாகும். பருத்தி உடுத்துவது நல்லது. உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்பை ஒரு முறை தொடுங்கள்.
- பெயின்ட் அடிக்கும் ஒரு அங்குலப் புது பிரஷ்ஷால் தூசி, நூலாம்படை, பல்லி எச்சம் எல்லாவற்றையும் மெதுவாகத் தட்டுங்கள். ஃபேன் சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். ஈரத் துணி கூடவே கூடாது.
- எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.
- லேப்டாப்பின் அடிப்பக்கமோ மவுஸ் தடவும் இடமோ உப்பி இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். உடனே நிறுத்திக் கடையில் காட்டுங்கள்.
- இடி மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கோடு இன்டர்நெட் வயரையும் கழற்றுங்கள்.

கடைக்குப் போகும்போது

நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். "என்னமோ ஆகுதுங்க" என்று சொல்லாமல், "மோட்டார் போடும்போது அணையுது, வெயிலில் அணையலை" என்று சொன்னால், எதிரில் இருப்பவரும் அதற்குத் தகுந்தபடி பார்ப்பார்.

"ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் புதுசா போட்டா சரியாகிடும்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். ஃபார்மேட் செய்தால் அந்த டிஸ்கில் உள்ள ஃபைல்கள் போய்விடும். கோளாறு சூட்டிலோ கரண்டிலோ இருந்தால், புது விண்டோஸும் அதே போல் நிற்கும். எந்த பாகம், என்ன விலை, எத்தனை மாத வாரண்டி என்று முதலில் தாளில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். குழுப் பணம் என்றால் பில் ஒட்டித்தானே கணக்கு எழுதுகிறோம்? நம் வீட்டுப் பணமும் உழைத்த பணம்தான்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் பொதுவாக 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய பெட்டிக்குப் பெரிய செலவு செய்யும் முன், அது விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்றும் கேட்டுக் கொள்ளுங்கள்.

"நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம் சகோதரிகளே. அடுப்பு ஏன் புகைகிறது, மாடு ஏன் தீனி எடுக்கவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிப்பவர்கள் நாம். கம்ப்யூட்டருக்கும் அந்தக் கண் போதும்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளது? ஓடாமல் கிடப்பது எத்தனை? ஏன்?
2. குழுக் கணக்கின் நகல் எத்தனை இடத்தில் இருக்கிறது? கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது?
3. கடைசியாகப் பழுது பார்க்கக் கொடுத்த தொகை எவ்வளவு? பில் இருக்கிறதா?

இந்த மாத வேலை: கோளாறு உள்ள ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள். நல்ல நாளையும் சேர்த்து! அடுத்த கூட்டத்தில் எல்லோரும் அதைப் படித்து, காரணம் அ, ஆ, இ, ஈ, உ இதில் எது என்று முடிவு செய்யுங்கள். அதன் பிறகே பணத்தை எடுங்கள்.