தொழில்நுட்பமும் பொறுப்புணர்வும் – குடகனாறு புகட்டும் பாடம்

முன்னுரை

கருவி செய்யும் ஆற்றல் மாந்தனுக்கு வாய்த்த பெரும்பேறு. அக்கருவியால் வரும் பயனைத் தனதெனக் கொள்ளும் அவன், அதனால் வரும் கேட்டினைக் காலத்தின் கோலம் என்று ஒதுக்கிவிடுகின்றான். இது முறையாகுமா என்பதனை நம் மாவட்டத்துத் தோல் தொழிலின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டையும் குரோமியமும்

திண்டுக்கல்லில் தோல் பதனிடுதல் பழந்தொழிலாகும். முன்னர் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றைக் கொண்டு தோலைப் பதப்படுத்தினர். அதற்கு வாரக்கணக்கில் காலம் பிடித்தது. குரோமிய உப்பினைப் பயன்படுத்தும் முறை அக்காலத்தைப் பெரிதும் குறைத்தது. 1970களில் நடுவண் அரசு அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலை ஊக்குவித்தமை இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. அயல்நாட்டுச் செலாவணி பெருகியது; பல குடும்பங்களில் அடுப்பெரிந்தது. நம் சமுதாயத்தார் பலரும் இத்தொழிலால் வாழ்வு பெற்றனர். இந்நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

நீர் சென்ற வழி

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்படும் என்பர். தோல் அழுகாதிருக்க இட்ட உப்பும், மயிர் களைய இட்ட சுண்ணாம்பும் சல்பைடும், எஞ்சிய குரோமியமும் அந்நீரோடு வெளியேறுகின்றன. கரைந்த உப்பினை வழக்கமான சுத்திகரிப்பு முறைகளால் நீக்க இயலாது. பட்டை முறையும் உப்பிலிருந்து விடுபட்டதன்று. தேக்கிய கழிவுநீர் மண்ணில் இறங்கிக் கிணறுகளைச் சேர்ந்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் தொண்டு நிறுவனமொன்று நடத்திய ஆய்வில், 467 கிணறுகளுள் 350 மாசுற்றிருந்தமை தெரியவந்தது. இச்செய்தியை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்தாண்டுள்ளது. திண்டுக்கல் பகுதியின் வடிநீரை ஏற்று, வேடசந்தூர் வழியே சென்று அமராவதியில் கலக்கும் குடகனாற்றுக்கு மேலூர், கீழூர் என்னும் வேறுபாடு இல்லை.

பொறுப்பு யாருடையது?

முறையைக் கண்டவர் தாம் வேதியியலை மட்டுமே வகுத்ததாகக் கூறலாம். ஆலையுடையார் சந்தையைக் காட்டலாம். அரசு ஏற்றுமதியைக் காட்டலாம். காலணி வாங்குவோர் தமக்கு ஒன்றும் தெரியாதென்னலாம். ஒவ்வொருவர் கூற்றிலும் சிறிது உண்மை உண்டு. ஆயினும் இலாபத்தில் பங்கு பெறாத உழவரே தம் கிணற்றை இழந்தார். பொறுப்பைப் பலர் பகிர்ந்துகொண்டனர் என்பதனால் அது எவரையும் விட்டு நீங்கிவிடாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 28.8.1996 அன்று இதனையே வலியுறுத்தியது. செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகின்ற தொழிலாயினும், சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமையில்லை என்றது. கேடு வருமுன் காத்தல், மாசுபடுத்தியவரே இழப்பீடு தருதல் என்னும் இரு நெறிகளை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென ஏற்றது. திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இழப்பீட்டைக் கணிக்க ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது. எனினும், கெட்ட நிலத்தடி நீரைத் தீர்ப்பு ஒன்றினால் மட்டும் இனிமையாக்கிவிட முடியாது. ஆதலின் வருமுன் காத்தலே தலையாய நெறி எனத் தெளியலாம்.

முடிவுரை

இன்று கணினியும் செயற்கை நுண்ணறிவும் நம் மாணவர் கைகளில் தவழ்கின்றன. அவற்றின் கேடு நீரைப்போல் கண்ணுக்குத் தெரிவதன்று. எனினும் வினாக்கள் அவையே. இதனால் யாருக்கு ஊதியம்? யாருக்கு இழப்பு? இழந்ததை மீட்க வழியுண்டா? இவற்றை ஆலை எழுந்தபின் அன்று, வரைபடம் தீட்டும்போதே கேட்டல் வேண்டும். நீரும் நிலமும் நமக்கு உடைமையல்ல, அமானிதம் என்று நம் பெரியோர் கூறுவர். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் குறையின்றித் திருப்பித் தருதலே அமானிதத்தின் இலக்கணம். தொழில் நடத்தும் பெரியோரும் தொழில் பயிலும் இளையோரும் இவ்விலக்கணத்தை நெஞ்சில் நிறுத்துவாராக.