குறிச்சொல் யாருக்கு: படத்துக்கா, ஆளுக்கா?

கர்நாடகக் காவல் சட்டத்தில் 2011-ஆம் ஆண்டு 36ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். சிறுவர்களைக் கடத்துகிறார்கள், 'இயற்கைக்கு மாறான' குற்றம் செய்கிறார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் திருநங்கைகளின் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் எழுதிவைக்கக் காவல் ஆணையருக்கு அதிகாரம் கொடுத்த பிரிவு அது. அவர்களைக் குறிக்கச் சட்ட வாசகத்தில் இருந்த ஆங்கிலச் சொல், தமிழில் 'அலி' என்ற வசவுக்கு நிகரானது. அந்தச் சொல்லும் பதிவேடும் வெள்ளைக்காரன் 1871-ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதியில் ஏற்கெனவே இருந்தவை. கர்நாடகத்தின் பாலினச் சிறுபான்மையினர் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'நபர்கள்' என்று பொதுவாகப் போட்டார்கள். ஹைதராபாத் நிஜாம் காலத்து 1919 சட்டமும் இதே வார்ப்புதான். அதைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் செல்லாது என்று தள்ளியது.

செயலைப் பற்றிச் சொல்லவேண்டிய இடத்தில் ஆளைப் பற்றிச் சொல்வதுதான் அந்தப் பதிவேட்டின் குணம். இன்று இணையத்தில் வயது வந்தோருக்கான படங்கள், கதைகள், காணொளிகளுக்குப் போடும் குறிச்சொற்களிலும், பேச்சு வழக்கில் சொன்னால் 'டேக்'குகளிலும், அதே குணம் அப்படியே தொடர்கிறது. போலீஸ்காரர் எழுதியதை இப்போது பதிவேற்றுகிறவர் எழுதுகிறார். இதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் சில, படித்தவர்களிடமும் வலுவாக இருக்கின்றன.

'திருநங்கை என்றாலே அது ஏ சர்டிபிகேட் விஷயம்'

திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய தன்வரலாறு 'நான் வித்யா'. அதிலிருந்து பி.எஸ். லிங்கதேவரு கன்னடத்தில் எடுத்த படம் 'நானு அவனல்ல அவளு'. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்கு 2014-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. கர்நாடக ஜானபத அகாடமியின் தலைவராக இருந்த திருநங்கை மஞ்சம்மா ஜோகதி 2021 நவம்பரில் பத்மஸ்ரீ வாங்கப் போனபோது, குடியரசுத் தலைவருக்குச் சேலை முந்தானையால் திருஷ்டி கழித்துவிட்டுத்தான் விருதைப் பெற்றார். அந்தக் காட்சியை வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை பார்த்தார்கள்.

ஆனால் வடிகட்டும் மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. யூடியூப்பின் 'கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை' 2017-ல் திருநர்கள் தங்கள் வாழ்க்கையைப் பேசிய சாதாரண காணொளிகளையும் மறைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் மார்பு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் திரட்ட, மார்க்காம்பை மறைத்துப் படம் போட்ட ஒரு திருநர் ஜோடியின் பதிவுகளை இன்ஸ்டாகிராம் பாலியல் விதியைக் காட்டி நீக்கியது. மெட்டாவின் மேற்பார்வை வாரியம் 2023 ஜனவரியில் அந்த முடிவு தவறு என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டு விதியே இதில் தெளிவாக இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி படைப்புகளை யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று பிரிக்கின்றன. பிரிப்பதற்கான காரணங்களாக அவை சொல்பவை வன்முறை, நிர்வாணம், பாலுறவு, மொழி, போதைப்பொருள், திகில் போன்றவை. திரையில் வருகிறவர் எந்தப் பாலினத்தவர் என்பது அந்தப் பட்டியலில் ஒரு காரணமாகவே இல்லை.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் மென்பொருள் ஏன் தவறுகிறது? மைசூரு மானச கங்கோத்ரியில் இருக்கும் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969-ல் தொடங்கியது. இந்திய மொழிகளின் பேச்சையும் எழுத்தையும் திரட்டிக் குறிப்பிட்டு, கணினிக்கான தரவாக்கும் பணி அங்கே நடக்கிறது. அப்படிப்பட்ட பணியின் அடிப்படையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை: எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறதோ, அதைத்தான் கணினி கற்றுக்கொள்ளும். 'திருநங்கை' என்ற சொல் ஆபாசக் குறிச்சொற்களின் பக்கத்தில் மட்டும் லட்சம் தடவை வந்தால், ஒரு திருநங்கை தன் பட்டமளிப்பு விழாப் படத்தைப் போட்டாலும் அது பூட்டப்படும். தவறாகக் குறி போடுகிறவர் தன் பக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை.

'பார்க்கிறவனை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டாமா?'

இந்த ஒரு கேள்வியில்தான் பெரும்பாலான குழப்பமும் பிறக்கிறது. எச்சரிக்கை வேறு, விவரம் வேறு. ரத்தம், வன்புணர்வு, தற்கொலை என்பவை எச்சரிக்கைக்கு உரியவை. பார்க்கிறவர் மனத்தைக் காயப்படுத்தக்கூடியவை. படத்தில் ஒரு திருநங்கை இருக்கிறார் என்பது விவரம். விவரத்தைக் கொண்டுபோய் எச்சரிக்கைப் பெட்டியில் போட்டால் அவரே ஓர் ஆபத்து என்று சொன்னதாகிவிடும். இப்படிப்பட்ட படங்களுக்குத் தலைப்பில் 'அதிர்ச்சி', 'ரகசியம் உடைந்தது', 'ஏமாந்துட்டான்' என்றெல்லாம் சேர்ப்பதும் இந்தப் புத்திதான். ஏமாற்றுக்காரி என்ற அந்தக் கதை திரைக்கு வெளியே வந்து எத்தனையோ திருநங்கைகளின் உடம்பில் அடியாக விழுந்திருக்கிறது.

ஒரு குறும்படத்தை எடுத்துக்கொள்வோம். காதலர்கள் இருவர், ஒருவர் திருநங்கை. ஒரு படுக்கையறைக் காட்சி. முன்னால் ஒரு சண்டையில் அவன் அவளைப் பழைய பெயரால் கூப்பிட்டு இழிவுபடுத்துகிறான். இதற்கு நேர்மையான சீட்டு எப்படி இருக்கும்? வயது என்ற பெட்டியில் '18+'. உள்ளடக்கம் என்ற பெட்டியில் 'நிர்வாணம், பாலுறவுக் காட்சி'. எச்சரிக்கை என்ற பெட்டியில் 'பாலினத்தை இழிவுபடுத்தும் வசனம்'. பாத்திரங்கள் என்ற பெட்டியில் 'திருநங்கை, ஆண்'. நடித்தவரும் திருநங்கை என்றால், அதைச் சொல்ல அவருக்கு விருப்பமிருந்தால் மட்டும், அதுவும். இந்தப் படத்தில் எச்சரிக்கை தேவைப்படுகிறவர் யார் என்று கவனியுங்கள். அந்த வசவைத் தினமும் தெருவில் கேட்கும் திருநங்கைப் பார்வையாளர்தான் அவர்.

இப்படிப்பட்ட படமே வேண்டாம் என்கிறவர் பாத்திரப் பெட்டியை வைத்து வடிகட்டிக்கொள்ளட்டும். அதற்கு யாரையும் அபாய அறிவிப்பாக மாற்றத் தேவையில்லை.

'ஜனங்கள் தேடுவது அந்தச் சொல்லைத்தானே?'

வியாபாரம் தெரிந்தவர்கள் சொல்லும் வாதம் இது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவும் படும். 'ஷீமேல்', 'ட்ரானி' போன்ற சொற்களை வேரூன்றவைத்தது ஆபாசப் படத் தொழில். கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் அல்ல அவை. நம் தமிழில் 'அலி', 'ஒன்பது' எப்படியோ அப்படி.

அந்தத் தொழிலே இதிலிருந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அமெரிக்காவில் திருநர் நடிகர்களுக்கு ஆண்டுதோறும் தரும் விருதுகளின் பெயரில் 'ட்ரானி' என்ற சொல்தான் இருந்தது. 2014-ல் அதை எடுத்துவிட்டு 'டிரான்ஸ்ஜெண்டர் எரோட்டிகா அவார்ட்ஸ்' என்று மாற்றினார்கள். காசு பார்க்கிற இடத்திலேயே மாற்ற முடிந்ததை, ஓர் இணையக் குழுவை நடத்துகிறவர் மாற்ற முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

தேடலும் கெடாமல் மரியாதையும் கெடாமல் செய்ய வழி உண்டு. ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளம் 2019-ல் ஹியூகோ விருது பெற்றது. எழுதுகிறவர் தனக்குத் தோன்றிய குறிச்சொல்லைப் போடலாம். ஒரே பொருளுள்ள சொற்களை ஒரு பொதுச் சொல்லோடு பின்னணியில் இணைத்துவிட அங்கே தன்னார்வலர் கூட்டமே இருக்கிறது. அதே முறையில், பழைய சொல்லை ஒருவர் தட்டினாலும் அவரை மரியாதையான சொல்லின் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடலாம். பழைய சொல் திரையில் ஓரிடத்திலும் தெரியவேண்டியதில்லை. தானாகச் சொல்லை முடித்துக் காட்டும் தேடுபெட்டியிலும் அது வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் அதுதான்.

தமிழில் எந்தச் சொல் என்று தடுமாறவும் காரணமில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் 2021-ல் தொடங்கிய வழக்கின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. கன்னடத்தில் 'மங்களமுகி' என்ற சொல் நாளிதழ்களில் சாதாரணமாக வருகிறது.

ஒரு சொல்லைத் திருத்துவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23-ல் பதில் சொல்லியிருக்கிறது. சென்னையிலிருந்து போன வழக்கு அது. குழந்தைகள் மீதான வன்கொடுமைப் பதிவுகளை 'சிறார் ஆபாசப்படம்' என்று சொல்லக்கூடாது, அது குற்றத்தைச் சாதாரணமாக்குகிறது, சுரண்டலும் வன்கொடுமையும் சொல்லிலேயே தெரியவேண்டும் என்று நீதிமன்றங்களுக்குக் கட்டளையிட்டது. தலைப்புச் சீட்டு மாறினால் பார்வை மாறும் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

'எல்லாம் ஒன்றுதான்'

ஒன்றல்ல. திருநங்கை வேறு, திருநம்பி வேறு, ஊடுபால் வேறு. மேடைக்காகப் பெண் வேடம் கட்டும் ஆண் இவர்களில் யாருமில்லை. ஹிஜ்ரா என்பது குரு, சேலா என்ற உறவுகளால் ஆன ஒரு சமூகம். ஜோகதி, ஜோகப்பா என்பது சவதத்தி எல்லம்மாவுக்குத் தங்களை ஒப்படைத்துக்கொண்டவர்களின் பெயர். வட கர்நாடகத்தில் அவர்கள் எல்லம்மாவின் கூடையை வீட்டு வாசலில் இறக்கினால் வீட்டார் கும்பிடுகிறார்கள். அந்தப் பெயரை ஆபாசக் காணொளிக்கு டேக்காகப் போடுவது ஒரு வழிபாட்டையும் சேர்த்து அவமதிப்பது.

'அவளே சம்மதித்து நடித்தாள், பிறகென்ன?'

மைசூரில் 2005 முதல் இயங்கும் அசோதயா சமிதியைப் பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஆண்கள், திருநங்கைகள் தாங்களே நடத்துகிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பில் தொடங்கிய அமைப்பு; பிற நாட்டினரும் வந்து பயிற்சி பெற்றுப் போகிறார்கள். தொழிலை வெளிப்படையாக ஏற்றுப் பேசும் மனிதர்கள் இருக்கும் ஊர் இது. ஆனால் தொழில் செய்கிறவர் என்பதாலேயே தன் முகமும் பெயரும் பொதுச்சொத்து என்று அவர் எழுதிக்கொடுத்துவிடவில்லை.

2022 மே 19-ஆம் தேதி ஆணையில் உச்ச நீதிமன்றம் இதை நேராகவே தொட்டது. சோதனை, கைது, மீட்பு எதுவானாலும் பாலியல் தொழிலாளர்களின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ வெளியிடக்கூடாது என்று ஊடகங்களுக்குச் சொன்னது. அதே அளவுகோல் குறிச்சொல்லுக்கும் பொருந்தும். நடிக்கச் சம்மதிப்பது ஒன்று. 'திருநங்கை' என்று ஊருக்கு அறிவிக்கச் சம்மதிப்பது இன்னொன்று. பெயர், ஊர், பழைய பெயர் ஆகியவற்றை டேக்காக்கச் சம்மதிப்பது மூன்றாவது. முதலாவதை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்கிறார்கள். 'மைசூர்' என்று ஒரு டேக் போதும். தேவராஜா மார்க்கெட்டில் பூ வாங்கப் போகிற ஒருவரை அடுத்த நாளே அடையாளம் காண்பார்கள்.

சம்மதமே இல்லாத படம் என்றால் அதற்கு எந்த டேக்கும் மரியாதையானது ஆகாது. அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படமெடுத்துப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். அது ஆண், பெண் என்று பார்ப்பதில்லை, 'எந்த நபராயினும்' என்கிறது. பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் இப்படிப்பட்ட படத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று 2021 விதிகள் தளங்களுக்குக் கெடு வைத்தன. சைபர் குற்றங்களுக்கான அரசின் உதவி எண் 1930. 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவையும் உண்டு. படத்தை யாருக்கும் அனுப்பாமல், நம் கருவியிலேயே அதன் எண் வடிவக் கைரேகையை உருவாக்கி, அதை மட்டும் அந்தச் சேவையில் சேர்ந்துள்ள தளங்களுக்குக் கொடுக்கும். 18 வயது நிரம்பியவர்களுக்கானது.

'கண்ணியமாக டேக் போட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது'

செய்யும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஆபாசத்தை மின்னணு முறையில் வெளியிடுவது 67-ஆம் பிரிவிலும், வெளிப்படையான பாலுறவுக் காட்சிகளைப் பரப்புவது 67ஏ பிரிவிலும் குற்றமே. '18+' என்ற சீட்டு இவற்றிலிருந்து விலக்குத் தருவதில்லை. குறிச்சொல் பாதுகாப்பது பார்க்கிறவரையும் படத்தில் இருப்பவரையும். பதிவேற்றுகிறவருக்கு அது கவசமில்லை.

குழு நடத்துகிறவர்களுக்கு வேலை அளவில் ஒன்று சொல்லவேண்டும். படத்தில் இருப்பவர் வந்து 'இந்தச் சொல்லை எடுங்கள்' என்று கேட்டால் விவாதம் வேண்டாம், எடுத்துவிடுங்கள். நிரூபணமாக அடையாள அட்டை கேட்காதீர்கள். பலருடைய அட்டையில் பழைய பெயர்தான் இருக்கும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தித் தர வழி செய்தபோதுகூட, பழைய பெயரும் புதுப் பெயரும் இரண்டும் அதில் இருக்கும் என்றுதான் சொன்னது. அட்டையைக் கேட்டு வாங்கி உங்கள் பெட்டியில் சேர்த்துவைத்தால், 36ஏ பதிவேட்டை நீங்களே திறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். டேக்கை அழித்ததோடு வேலை முடிவதுமில்லை. அதே சொல் பக்கத்தின் முகவரியில் இருக்கும், கோப்பின் பெயரில் இருக்கும், சிறுபடத்தின் மேல் எழுதியிருக்கும், தேடுபொறியின் பழைய நகலில் இருக்கும். நான்கையும் மாற்றிவிட்டுத்தான் அவருக்கு 'எடுத்தாச்சு' என்று பதில் அனுப்பவேண்டும்.