ஒரு அடுக்கா, பல அடுக்கா? - அடுக்கு மாறினால் ஒளியும் மாறும்



எங்கப்பா லாரி பட்டறையில் வேலை செய்கிறார். அவர் கையில் ஒட்டியிருக்கும் கறுப்பு 'மாலி கிரீஸில்' மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற பொருள் இருக்கிறது. அது ஒளி வீசும் என்று வீட்டில் சொன்னேன். "கிரீஸ்ல ஏதுடா வெளிச்சம்?" என்று கேட்டுவிட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிராஃபீன். பென்சில் முனையில் உள்ள கிராஃபைட்டின் ஒரே ஒரு அடுக்குதான் இது. 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டு டேப்பால் கிராஃபைட்டை உரித்து உரித்தே இதை எடுத்தார்கள். 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் அடுக்கு கிராஃபீன் தன்மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சும். 5 அடுக்கானால் சுமார் 11 சதவீதம். இங்கே அடுக்கு கூடக்கூட உறிஞ்சலும் கூடுகிறது.

எல்லாப் பொருளும் இப்படித்தான் என்று நினைத்தேன். அதுதான் தப்பு!

சிலிக்கான் டையோடு ஏன் எல்.இ.டி. மாதிரி எரிவதில்லை? அதன் ஆற்றல் இடைவெளி மறைமுகமானது. எலக்ட்ரான் கீழே இறங்கும்போது உந்தமும் மாற வேண்டும். அதனால் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடும். காலியம் ஆர்சனைடில் இடைவெளி நேரடியானது. ஆகவே ஒளி வருகிறது.

கட்டியான மாலிப்டினம் டைசல்ஃபைடும் சிலிக்கான் மாதிரிதான். இடைவெளி மறைமுகம், சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட். அதையே உரித்து ஓர் அடுக்காக்கினால் இடைவெளி நேரடியாகிவிடும். அளவும் சுமார் 1.85 எலக்ட்ரான் வோல்ட் ஆகும். 1240-ஐ 1.85-ஆல் வகுத்துப் பாருங்கள்: 670 நானோமீட்டர், சிவப்பு ஒளி! 2010-ல் இதைக் கண்டறிந்தபோது, ஒளிரும் திறன் கட்டியைவிட 10,000 மடங்குக்கு மேல் இருந்தது.

காரணம் என்ன? அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது, பக்கத்து அடுக்குகளின் கந்தக அணுக்களின் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றை ஒன்று பாதிக்கின்றன. இதனால் ஆற்றல் பட்டையின் உச்சி வேறு உந்தத்துக்கு நகர்ந்துவிடுகிறது. தனி அடுக்கில் இந்தத் தொல்லை இல்லை.

எண்ணிக்கை மட்டுமல்ல, அடுக்கும் முறையும் முக்கியம். 800 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால் ஓர் அடுக்கிலிருந்து 400 நானோமீட்டர் ஒளியும் கொஞ்சம் வரும். இரண்டாவது அடுக்கை 180 டிகிரி திருப்பி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒளி ஏறக்குறைய மறைந்துவிடும். ஒரே திசையில் வைத்தால் இரண்டும் சேர்ந்து பலமாகும்.

ஆகவே நண்பர்களே, எந்த இருபரிமாணப் பொருளைப் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை அடுக்கு? எந்தத் திசை? இடைவெளி நேரடியா, மறைமுகமா?

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுக்கு வழுக்குறதாலதானே எங்களுக்கு அது கிரீஸ்?" என்றார். உண்மைதான். பலமில்லாத பிணைப்பால் வழுக்குகிற அதே அடுக்குகளைத்தான் டேப்பாலும் உரிக்க முடிகிறது. அந்த வரியை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அப்பாவிடம் படித்தேன்.