உயிரற்றதுபோற் காட்டும் பழங்கணிப்பொறி

கருவி ஒன்று அசைவற்றுக் கிடத்தலைக் கண்ட அளவிலே அஃது இறந்ததெனத் துணிதல் அறிவுடைமை அன்று. இறந்தது வேறு, இறந்ததுபோற் காட்டுவது வேறு. இவ்வேற்றுமையை உணரும் முறையினை, பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இப்பொறி கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனத்தாரால் 1981-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிடப்பெற்றது. நம் நாட்டில் 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கல்வித் திட்டத்தின் வாயிலாக ஏறத்தாழ 250 பள்ளிகளில் முதற்கண் இடம்பெற்றது. அதன் நினைவகம் 32 கிலோபைட்டே. எனினும் நம் மாணாக்கர் பலர் கணிப்பொறியை முதன்முதற் கண்டது அதனிடத்தேயாம்.

முதலாவது, காப்பு. நெடுநாள் உறங்கிய பொறிக்கு உடனே மின்சாரம் ஊட்டலாகாது. மின்வழங்கிப் பெட்டியுள் இருக்கும் பழைய காகித மின்தேக்கிகளின் மேலுறை காலப்போக்கில் வெடித்து ஈரத்தை உட்கொள்ளும். செம்பரம்பாக்கத்து ஏரிக்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் உடைய நம் பக்கத்தில் இதனை மறத்தல் கூடாது. அந்நிலையில் 230 வோல்ட்டு மின்சாரம் பாயின், அவை கடும்புகை கக்கி அழியும். ஆதலின் அவற்றை முன்னரே மாற்றுக. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அப்பெட்டியின் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் தங்கியிருத்தல் கூடும்; பழகாத கை அதனைத் தீண்டின் உயிர்க்கு ஊறு நேரும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சூழ வாழும் நமக்கு இத்தொழில் வல்லார் அரியரல்லர். அவரை உடன்வைத்தே பெட்டியைத் திறக்க.

இரண்டாவது, அழுத்தம். வட்டு இயக்கி முதலிய துணைக்கருவிகளை நீக்கிவிட்டு, தாய்ப்பலகையில் மல்டிமீட்டர் கொண்டு அளக்க. 5 வோல்ட்டு இருத்தல் வேண்டும், 4.75-க்குக் குறைந்தாலும் 5.25-ஐ விஞ்சினாலும் குற்றம் மின்வழங்கியிலோ அதன் இணைப்பிலோ உளதெனத் தேர்க.

மூன்றாவது, ஓசை. மருத்துவன் நாடி பார்ப்பதுபோல் இங்குச் செவியே துணை. நலமுள்ள பொறி முதலில் தாழ்ந்த ஓசையொன்றை எழுப்பி, உடனே உயர்ந்த சிற்றொலி ஒன்றைத் தரும். முதலோசை ஒலிச்சில்லு மின்சாரம் பெற்றவுடன் தானே எழுப்புவது. அதனை அடக்கிச் சிற்றொலியைத் தருவது 6502 என்னும் செயலியின் வேலை. ஆகவே இரண்டும் கேட்பின், திரை இருண்டிருப்பினும் பொறி வாழ்கின்றது. பிழை பெரும்பாலும் கம்பியிலோ தொலைக்காட்சியிலோ உளது. இக்காலத் தொலைக்காட்சிகள் பலவற்றிற்குப் பழைய அலைவரிசை முறை ஒவ்வாமையும் நினைக்கத்தக்கது. தாழ்ந்த ஓசை ஓயாது நீளுமாயின், செயலி தன் பணியைத் தொடங்கவில்லை என்பது தெளிவு. ஓசையே இன்றேல், மின்சாரத்தையும் ஒலிபெருக்கிக் கம்பியையும் நோக்குக.

நான்காவது, ஓயா ஓசைக்குரிய காரணம். ‘பிரேக்’ விசை அழுந்தியபடி சிக்கியிருப்பினும் பொறி எழாது. எளிய இதனை முதலிற் பார்க்க. பின்னர் மின்சாரத்தை நீக்கி, தாங்கிகளிற் செருகிய சில்லுகளை மெல்ல எடுத்து, கால்களிற் படிந்த களிம்பை நீக்கி, திசை மாறாது மீண்டும் அழுத்துக. அதன்பின்னும் எழாவிடின், நல்ல பொறியொன்றின் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க. ஒரே முறையில் இரண்டை மாற்றுவோர், பொறி எழுந்தாலும் எதனால் எழுந்தது என்பதை அறியார். திரையில் ‘லாங்குவேஜ்?’ என்னும் வினா மட்டும் தோன்றின் மகிழ்க. செயலி நலமே, பேசிக் மொழி பொதிந்த சில்லு மாத்திரமே அகப்படவில்லை.

ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களின் பள்ளிகளிலோ இல்லங்களிலோ இத்தகைய பழம்பொறி எதுவும் கிடக்குமாயின், அதனை எடைக்கு எடையாகக் காயலான் கடைக்கு அனுப்புமுன் இந்நான்கினையும் செய்து பார்த்தல் நம் கடன். ஏட்டுச்சுவடிகளைப் பயனற்றவை என எண்ணி நெருப்பிலும் நீரிலும் இட்டு இழந்த இனத்தார் நாம். நம் நாட்டுக் கணிப்பொறிக் கல்வியின் தொடக்கத்திற்குச் சான்றாய பொருள்களையும் அவ்வாறே இழத்தல் தகுமோ? மாணாக்க நண்பர்காள், தீர ஆராய்ந்த பின்னரே இறந்ததென்று உரைப்பீராக.