வெங்காயப் பாத்தியிலிருந்து உலகச் செய்தி வரை
பொருளியலை வீட்டிலிருந்தே படிப்போம்

ஒரு வருடம் வெங்காயம் பொன் விலைக்குப் போகிறது. அடுத்த வருடம் அதே மண்ணில், அதே கைகளால் விளைந்த வெங்காயம் பிடுங்குகூலிக்கும் காணாமல் போகிறது. "எங்கட தலைவிதி" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எமது வழக்கம். விதியின் மேல் பழியைப் போடுமுன், விலை எப்படி உண்டாகிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் என்ன?

அப்படிக் கேட்பதுதான் பொருளியல். அது பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரிய படிப்பு அல்ல. மேலைத்தேய மொழிகளில் இதற்கு வழங்கும் பெயர், வீட்டை நிர்வகித்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இருக்கும் ஒரு கொத்து அரிசியை ஐந்து பேருக்கு எப்படிப் பங்கிடுவது என்று யோசிக்கும் தாய் இந்தப் படிப்பை ஏற்கெனவே தொடங்கிவிட்டாள். காணியை விட்டு வந்து, குத்தகை நிலத்திலும் கூலி வேலையிலும் வாழ்வைத் திரும்பக் கட்டும் குடும்பங்களுக்கு இது மிகவும் வேண்டிய படிப்பு. தவறான ஒரு முடிவைத் தாங்கிக் கொள்ள எம்மிடம் மிச்சம் எதுவும் இல்லை.

அடிப்படையான ஐந்து பாடங்களை முதலில் பார்ப்போம். மேற்கொண்டு கைத்தொலைபேசி மூலம் எப்படிப் படிப்பது என்பதை இறுதியில் கூறுவோம்.

பாடம் 1: கைவிட்டதும் செலவுதான்

ஒன்றைத் தெரிவு செய்யும்போது இன்னொன்றைக் கைவிடுகிறோம். கைவிட்டதன் பெறுமதியை அமையச் செலவு என்பார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டும் எடுத்தவை. இரண்டு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்ட ஒரு குடும்பத்துக்குக் குத்தகை, விதைவெங்காயம், பசளை, மருந்து, இறைப்பு எல்லாம் சேர்த்து 140,000 ரூபா முடிந்தது. விற்று வந்தது 190,000 ரூபா. 50,000 ரூபா லாபம் என்று மகிழ்கிறார்கள். ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து 45 நாள் வேலை செய்திருக்கிறார்கள். அந்த நாட்களில் வெளியே 1,500 ரூபாக் கூலிக்குப் போயிருந்தால் 67,500 ரூபா கிடைத்திருக்கும். ஆகவே உண்மையில் 17,500 ரூபா நட்டம்.

இதனால் கமத்தை விட்டுவிட வேண்டும் என்பதல்ல. வெளியே கூலி வேலை இல்லாத காலமானால் இதே கணக்கு வேறு விடை தரும். எமது உழைப்புக்கும் விலை உண்டு என்பதை மறந்து கணக்கு எழுதக் கூடாது என்பதே இப்பாடம்.

பாடம் 2: விலை ஒரு செய்தி

வாங்குவோரின் பக்கத்தைக் கேள்வி என்றும், விற்போரின் பக்கத்தை நிரம்பல் என்றும் சொல்வோம். வாங்கும் விருப்பமும் கையில் காசும் சேர்ந்தால்தான் அது கேள்வி. பசி இருந்தும் காசு இல்லையென்றால் சந்தை அதைக் காண்பதில்லை. இந்தக் குறிப்பை நினைவில் வைத்திருங்கள். ஐந்தாம் பாடத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

வெங்காயம் பாதி விலைக்கு இறங்கினாலும் எவரும் இரண்டு மடங்கு வெங்காயம் சாப்பிடப் போவதில்லை. அதனால் சந்தைக்குச் சிறிதளவு கூடுதலாக வந்தாலும் விலை பெரிதாக விழுகிறது. சிறிதளவு குறைந்தாலும் விலை துள்ளி ஏறுகிறது. சாப்பாட்டுப் பொருட்கள் அநேகமானவற்றின் இயல்பு இது.

சென்ற வருடத்து நல்ல விலையைப் பார்த்து எல்லோரும் நடுகிறார்கள். எல்லோரும் ஒரே கிழமையில் பிடுங்குகிறார்கள். விலை விழுகிறது. மனம் வெறுத்து அடுத்த வருடம் பலர் நடாமல் விடுகிறார்கள். விலை ஏறுகிறது. இந்தச் சுழலில் அகப்படாதிருக்க, "போன வருடம் என்ன விலை?" என்று கேட்பதை விட்டு, "இந்த வருடம் எத்தனை பேர், எத்தனை பரப்பு நடுகிறார்கள்?" என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெங்காயத்தைக் காயவைத்துப் பிடி கட்டித் தொங்கவிடக் கொட்டில் உள்ளவர் நல்ல விலைக்குக் காத்திருப்பார். கொட்டில் இல்லாதவரும், பசளைக் கடனுக்குத் தவணை சொல்லியவரும் அன்றைக்கே விற்க வேண்டும். ஒரே வெங்காயத்துக்கு இருவர் இரு விலை பெறுவது இதனால்தான். சந்தையில் பொறுத்திருக்க முடிவதே பாதிப் பலம்.

பாடம் 3: பணத்தின் பெறுமதி

பொதுவான விலைமட்டம் தொடர்ந்து உயர்வது பணவீக்கம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி இலங்கையில் அது ஏறத்தாழ 70 வீதம். உணவுக்கு மட்டும் ஏறத்தாழ 95 வீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. காசாகச் சேமித்து வைத்தவரும் இழந்தார்.

இங்கே பலருக்கு ஏற்படும் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்குவோம். பணவீக்கம் குறைந்தது என்று வானொலி சொன்னால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை. விலை ஏறும் வேகம் குறைந்தது என்றே அர்த்தம். 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் சற்றுக் கீழே போனது. ஆனால் 2021ஆம் ஆண்டு விலைகள் திரும்பி வரவில்லை. மரத்தில் ஏறியவன் ஏறுவதை நிறுத்திவிட்டான், இறங்கவில்லை.

பாடம் 4: உலகம் எங்கள் பாத்திக்குள் வருகிறது

நாம் வாங்கும் யூரியாவும் டீசலும் மண்ணெண்ணெயும் டொலர் கொடுத்து இறக்குமதி செய்யப்படுபவை. ஏற்றுமதி, உல்லாசப் பயணிகளின் வருகை, வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் ஆகியவை நாட்டுக்கு டொலர் கொண்டு வருகின்றன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளும் 2020இல் பரவிய கொரோனாத் தொற்றும் உல்லாசப் பயணத்துறையை முடக்கின. 2019 இறுதியில் வரிகள் பெருமளவு குறைக்கப்பட்டதால் அரசின் வருமானமும் வீழ்ந்தது. வெளிநாட்டுக் கடன் தவணைகளோ காத்திருக்கவில்லை. டொலர் கையிருப்பு வற்றியது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வருட நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது, 2021/22 பெரும்போகம் தொடங்கியிருந்தது. நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் மீது ரஷ்யா போர் தொடுத்தது. ரஷ்யா உலகின் பெரும் பசளை, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. கோதுமையில் இரு நாடுகளும் முன்னணியில் இருந்தவை. ஆகவே உலகச் சந்தையில் விலை ஏறியது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவானது. ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. இறைப்பு மெசின் வைத்திருந்தவர்களுக்கு அந்த நாள் மறக்காது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு உடன்பட்டது. அரசின் வருமானத்தைக் கூட்டுவது அதன் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. கடையில் நாம் கொடுக்கும் காசுக்கும் தூரத்து மேசையில் இடப்பட்ட கையெழுத்துக்கும் இடையில் இப்படி ஒரு கயிறு ஓடுகிறது.

அயல்நாட்டு முடிவும் இதேபோல வந்து சேரும். 2023 டிசம்பரில் இந்தியா தன் மக்களுக்கு விலை ஏறாதிருக்க வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே வரை அது நீடித்தது. இங்கே பம்பாய் வெங்காயம் விலை ஏறியது. பம்பாய் வெங்காயம் விலை ஏறினால் சிலர் சின்ன வெங்காயத்தை நாடுவார்கள். ஒன்றுக்கு மற்றது பதிலீட்டுப் பண்டம்.

மூத்தவர்கள் இதற்கு முந்திய கதையும் சொல்வார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் மிளகாயும் வெங்காயமும் நட்டு நிமிர்ந்தனர். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதி பெருகியபோது அந்த விலை நிலைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்றவர்களும் உண்டு. எந்த விலைக்கும் இரு பக்கம் உண்டு.

பாடம் 5: உணவு இருந்தும் பசி

1943இல் வங்காளத்தில் பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதைச் சிறுவனாக நேரில் கண்டவர் அமர்த்தியா சென். பின்னர் பொருளியல் அறிஞராகி, 1981இல் வெளியிட்ட நூலில் அந்தப் பஞ்சத்தை ஆராய்ந்தார். அவ்வாண்டு வங்காளத்தில் இருந்த உணவின் அளவு முந்திய ஆண்டுகளை விடப் பெரிதும் குறைந்திருக்கவில்லை என்று காட்டினார். அரிசி விலை பாய்ந்தது. கூலிக்காரரின் கூலி பின்தங்கியது. அரிசி இருந்தது, அதைப் பெறும் வழி அவர்களிடம் இல்லாமல் போனது. 1998இல் இவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இது எமக்குப் புதிய செய்தியா? காணியை இழந்த கமக்காரன் ஒரே நாளில் விற்பவன் என்ற நிலையிலிருந்து வாங்குபவன் என்ற நிலைக்கு மாறுகிறான். நேற்று விலையேற்றம் அவனுக்கு வரவு. இன்று அதே விலையேற்றம் அவனுக்குப் பட்டினி.

வேதாகமமும் இதை மறைக்கவில்லை. யோசேப்பு ஏழு வருட விளைச்சலைச் சேமித்து எகிப்தைப் பஞ்சத்திலிருந்து காத்ததை (ஆதியாகமம் 41) எல்லோரும் அறிவோம். 47ஆம் அதிகாரத்தை நாம் அவ்வளவாக வாசிப்பதில்லை. தானியத்துக்காக மக்கள் முதலில் பணத்தையும், பிறகு கால்நடைகளையும், கடைசியில் நிலத்தையும் கொடுத்தார்கள் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. நகை அடகு, மாடு விற்பனை, காணி உறுதி ஈடு என்ற எமது ஊர் வரிசையும் அதுதானே? களஞ்சியம் எங்கே இருக்கிறது என்பது போலவே, அதன் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கொட்டிலும் ஒரு சிறு சேமிப்பும் வைத்திருந்தால், அந்தத் திறப்பில் ஒரு பங்கு எமது கைக்கு வரும்.

கைத்தொலைபேசியில் எப்படிப் படிப்பது?

ஐந்தாறு குடும்பங்கள், ஒரு தொலைபேசி, கிழமையில் ஒரு மணித்தியாலம். இது போதும்.

முதலில் தமிழில் தொடங்குங்கள். தேசிய கல்வி நிறுவகமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் பாடசாலை நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்துள்ளன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் உண்டு. உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் மகளோ மகனோ இருந்தால் அவரே உங்கள் ஆசிரியர். பிள்ளை வாசிக்க, பெரியவர்கள் தம் அனுபவத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லட்டும்.

இரண்டாவதாக, சந்தை விலைகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கை வெளியிடுகிறது. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் உணவுப் பொருள் விலைகளை வெளியிடுகிறது. அவற்றின் பக்கத்தில் உங்கள் ஊர்ச் சந்தை விலையையும் எழுதிவந்தால், ஒரு வருடத்தில் உங்களுக்கென்று ஒரு நூல் உண்டாகிவிடும்.

மூன்றாவதாக, ஆங்கிலம் தெரிந்த இளையோர் கான் அக்கடமியின் பாடங்களைப் பார்த்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லலாம். அவற்றுக்குக் கட்டணம் இல்லை.

நான்காவதாக, கிழமைக்கு ஓர் உலகச் செய்தியை எடுத்து நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பொருள் குறையும் அல்லது கூடும்? யாருக்கு வரவு, யாருக்குச் செலவு? டொலர் உள்ளே வருமா, வெளியே போகுமா? எமது நடுகைக்கு முன் வந்து சேருமா, பின்னா?

ஓர் எச்சரிக்கை. பொருளியல் கற்பிப்பதாகத் தொடங்கி, "காசு போடுங்கள், ஆள் சேருங்கள், இரட்டிப்பாகும்" என்று முடிப்பவர்கள் இணையத்தில் பலர். இத்தகைய பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. முதலாம் பாடத்தைக் கற்றவர், அந்த இரட்டிப்பு யாருடைய பையிலிருந்து வருகிறது என்று கேட்பார்.

படிப்பினால் நாளைக்கே விலை ஏறாது. ஆனால் நடுவதற்கு முன் கேட்க வேண்டியதை நடுவதற்கு முன்பே கேட்போம். ஒருவராகக் கேட்டால் அது கவலை; பத்துப் பேராகக் கேட்டால் அது திட்டம்.

குழுவில் கலந்துரையாட

1. சென்ற போகத்தில் உங்கள் சொந்த உழைப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் லாபமா, நட்டமா?
2. அறுவடை செய்த கிழமையிலேயே விற்க வேண்டி வந்ததா? அதற்குக் காரணம் கடனா, கொட்டில் இல்லாமையா?
3. வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தினால் உங்கள் குடும்பத்துக்கு நன்மையா, தீமையா? விற்பவராகவும் வாங்குபவராகவும் இருந்து பதில் சொல்லுங்கள்.
4. உங்கள் ஊரில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கொட்டில் போட என்ன தடை?