பூந்திக்குக் காலைப் பொழுதைக் கொடு

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. கதவைத் திறந்ததும் பூந்தி போடுகிற கத்தல், கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷனில் சொன்ன புகார், நெஞ்சுப் பக்கத்து இறகைக் கடித்துக் கடித்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் தெரிவது என எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இன்னொரு கிளி வாங்கட்டுமா, இல்லை யாருக்காவது கொடுத்துவிடட்டுமா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். குரல் கம்மியிருந்தது. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். எடுத்து வைத்துக்கொள்.

முதல் வேலையை முதலில் செய். இறகைக் கடிக்கிறது என்றவுடன் தனிமை என்று முடிவு கட்டிவிடாதே. தோலில் தொற்று, ஈரல் கோளாறு, வைட்டமின் ஏ குறைவு, மலிவான பொம்மைகளிலும் கூண்டுக் கம்பியிலும் இருக்கும் துத்தநாகம் என்று வேறு காரணங்களும் உண்டு. நான் படித்த வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உனக்கு எட்டுகிற தூரம்தான். இந்தச் சனிக்கிழமையே கொண்டுபோய்க் காட்டு. முதல் நாள் காலையில் அது போட்ட எச்சத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போ. பச்சைப் பகுதி, வெள்ளைப் பகுதி, நீர் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிட்டால், மீதி உன் கடிகாரத்தில் இருக்கிறது.

பூந்தி சன் கான்யூர் இனம். அந்த இனத்தின் சொந்த ஊர் கயானாவும், அதை ஒட்டிய வடபிரேசிலின் ரொரைமா பகுதியும். பூமத்திய ரேகைக்குப் பக்கம். அங்கே வருஷம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும். சன் கான்யூரின் உடம்பு அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. விடிந்ததும் கூட்டமாகக் கூவும், இரை தேடப் போகும். வெயில் ஏறியதும் நிழலில் ஒதுங்கி இறகு கோதிக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருக்கும். வெயில் தாழ்ந்ததும் மறுபடி இரை, மறுபடி கூச்சல், பிறகு அடைந்துவிடும். நடுப்பகலில் அது பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. நீ ஆபீசில் இருக்கும் பொழுதில் பாதி அதன் ஓய்வு நேரம். இதை நினைத்து முதலில் உன் மனதைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்.

ஆனால் எட்டரைக்கு வந்து விளக்கைப் போட்டு, கூண்டைத் திறந்து, பாவம் என்று பதினொன்றரை வரை தோளில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறாயே, அதுதான் அதைக் கெடுக்கிறது. அதற்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டும். தூக்கம் கெட்ட கிளி கத்தும், கடிக்கும், இறகையும் பிடுங்கும். பாசத்தால்தான் செய்கிறாய், எனக்குத் தெரியும். அந்தப் பாசத்தை அப்படியே தூக்கிக் காலைக்கு மாற்று.

கூண்டை ஹாலிலிருந்து படுக்கையறை ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோ. நேர் வெயில் விழாத பக்கமாக இருக்கட்டும். பொழுது சாய்ந்தால் அந்த அறை தானாக இருட்டிவிடும், பூந்தியும் தானாக அடங்கிவிடும். நீ வந்ததும் அங்கே விளக்கைப் போடாதே. ஹாலில் இரு, சாப்பிடு, பத்தரைக்குள் சத்தமில்லாமல் போய்ப் படு. காலை ஆறு மணிக்கு இருவரும் சேர்ந்து எழுந்திருங்கள். ஆறிலிருந்து ஒன்பது வரை மூன்று மணி நேரம் கிடைக்கிறது. பூந்தி நன்றாக விழித்திருக்கிற, உன்னை உண்மையிலேயே தேடுகிற நேரம் அதுதான். சிநேகிதிகளோடு ராத்திரி பேசுவதும் வெப் சீரிஸும் குறையும். உனக்கு அது இழப்புதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்த மூன்று மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் கூண்டுக்கு வெளியே விடு. திறக்குமுன் ஃபேன் ஸ்விட்சை அணைத்து, இறக்கை நிற்கும்வரை காத்திரு. நம் வீடுகளில் பறக்கிற கிளிக்கு முதல் எமன் தலைக்கு மேல் சுற்றுகிற அந்த ஃபேன்தான். ஜன்னல் வலை, பால்கனிக் கதவு, அடுப்பில் கொதிக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திற. நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை கிளியை நிமிஷத்தில் கொன்றுவிடும். பூந்தி இருக்கும்வரை இரும்பு தோசைக்கல்லே போதும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எதுவும் அது இருக்கும் அறையில் வேண்டாம்.

பிறகு, உன்னோடு சேர்ந்து சாப்பிடட்டும். கூட்டமாகத் தின்கிற ஜாதி அது. நீ இட்லி சாப்பிடும்போது அதற்கு முளைகட்டிய பச்சைப்பயறு, துருவிய கேரட், பூசணித் துண்டு, கொய்யா. உப்பும் எண்ணெயும் கூடாது. அவகாடோ, சாக்லேட், காபி கண்ணிலேயே படக் கூடாது. மிஞ்சியதைக் கிளம்பும்முன் எடுத்துவிடு, சென்னைச் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும். பகலுக்கு உலர்ந்த தீனி மட்டும் விட்டுவிட்டுப் போ.

இந்தப் பகல் தீனியைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை போட்டுவிட்டுப் போகிறாய். பத்து நிமிஷத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது. மீதிப் பொழுதுக்கு அதற்கு என்ன வேலை? காட்டில் இரை தேடவே பொழுதில் பெரும்பகுதி போய்விடும். மரம் மரமாகப் போக வேண்டும், தோலை உரிக்க வேண்டும், கொட்டையை உடைக்க வேண்டும். அந்த உழைப்பை எடுத்துவிட்டால் அலகு சும்மா இருக்காது, தன் இறகிலேயே வேலையைத் தேடிக்கொள்ளும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆரஞ்சுச்சிறகு அமேசான் கிளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2003-இல் வெளிவந்தது. தேடித் தின்னவும் ஏறி விளையாடவும் வசதி செய்துகொடுத்த கிளிகளின் இறகு நன்றாக இருந்தது. வெறும் கூண்டில் இருந்தவை இறகைக் கடித்துக் கெடுத்துக்கொண்டன. அவற்றுக்கும் பிறகு அதே வசதியைக் கொடுத்ததும் இறகு தேறியது. உன் பூந்தியும் தேறும் என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

காசு செலவழித்துப் பொம்மை வாங்க வேண்டாம். தேங்காய் துருவிய கொட்டாங்குச்சியை நார் போகச் சுரண்டி, மூன்று கண்ணில் ஒன்றைப் பெரிதாக்கிக்கொள். உள்ளே நாலைந்து தினைக்கதிர்த் துண்டு, ஒரு பாதாம் பருப்பு, மேலே கசக்கிய வெள்ளைக் காகிதம். சணல் கயிற்றில் கட்டிக் கூண்டில் தொங்கவிடு, கயிறு நீளமாகக் கிடக்காமல் இழுத்துக் கட்டு. ஒரு காலால் கொட்டாங்குச்சியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பிக் கண்ணை அந்த ஓட்டையில் வைத்துப் பார்க்கும் பார், அதைப் பார்க்கவே நீ ஒரு நாள் லீவு போடலாம். மக்காச்சோளத்தின் மட்டையை உரித்து எறியாமல் அதில் பெல்லட் தீனியை மடித்து முடிச்சுப் போடு. காகிதக் கப்பை இன்னொரு கப்பால் மூடு. முருங்கைக்கீரையைக் கொத்தாகத் தண்ணீரில் நனைத்துக் கூண்டின் மேல்கம்பியில் தலைகீழாகக் கட்டினால், தின்றதும் ஆயிற்று, அந்த ஈரத்தில் புரண்டு குளித்ததும் ஆயிற்று. இதை மட்டும் காலையில் நீ இருக்கும்போது செய். உட்காரும் கட்டை கடையில் வரும் உருளைக்கட்டையாக வேண்டாம். மருந்தடிக்காத கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ பட்டையோடு வை. தடிமன் மாறி மாறி இருந்தால் பாதத்தில் புண் வராது, பட்டையை உரிப்பதும் ஒரு வேலை.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரத்துக்கு வேண்டியதைக் கட்டி டப்பாவில் வைத்துக்கொள். முதல் வாரம் எளிதாக வை. அதற்குத் திறக்கத் தெரியாவிட்டால் பட்டினி கிடந்துவிடும், கிண்ணத்திலும் பாதி இருக்கட்டும். பழகப் பழகக் கிண்ணத்தைக் குறை. கிச்சன் டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை, காலையில் தீனிக்கு முன் எடை பார். சன் கான்யூர் நூறு, நூற்றிருபது கிராம்தான் இருக்கும். பத்து கிராம் இறங்கினாலே மருத்துவரைக் கேள். பறவை நோயைக் கடைசிவரை மறைக்கும், தராசு மறைக்காது.

கத்தலைப் பற்றிக் கேட்டாய். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் காணாதபோது "எங்கே இருக்கிறாய்" என்று அழைப்பதும் பதில் குரல் கொடுப்பதும் அந்த ஜாதியின் வழக்கம். நீ குளிக்கப் போகும்போது அது கத்துவதும் அதுதான். ஒரு சின்ன விசிலை வைத்துக்கொள், எப்போதும் அதே விசில். மறைவாகப் போகும்போது அது மெதுவாகக் கூப்பிட்டதும் விசிலடி. உச்சக் குரலில் கத்தும்போது ஓடிப் போகாதே, திட்டவும் திட்டாதே, இரண்டுமே அதற்குப் பதில்தான். ஒரு மூச்சு அடங்கட்டும், அப்போது போ. கீழ்வீட்டுக்காரரிடம் நீயே போய்ப் பேசு, கண்ணு. இப்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல். சொல்லிவிட்டுச் செய்கிறவர்களை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

மத்தியானம் கேமரா வழியாகப் பேசட்டுமா என்றாய். 2023-இல் வெளியான ஒரு ஆய்வில் கிளிகளுக்கு மணியடித்து, டேப்லெட் திரையில் இன்னொரு கிளியைத் தேர்ந்தெடுத்து வீடியோ காலில் பேசக் கற்றுக்கொடுத்தார்கள், அவை விரும்பியும் பேசின. ஆனால் அங்கே ஒவ்வொரு கிளியின் பக்கத்திலும் வளர்ப்பவர் இருந்தார். ஆளில்லாத வீட்டில் உன் குரல் மட்டும் வந்து நின்றுபோவது வேறு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதைவிட, எதிர்வீட்டு அம்மா பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நாலு மணிக்கு, சாவி கொடுத்துக் கால்மணி நேரம் எட்டிப் பார்க்கச் சொல். தண்ணீரை மாற்றிவிட்டு இரண்டு வார்த்தை பேசட்டும். அது மறுபடி சுறுசுறுப்பாகிற நேரம். பகலில் ரேடியோ மெல்லிய குரலில் சிறிது நேரம் ஓடலாம், நாள் முழுக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களிலும் இதே நேரங்களைக் கடைப்பிடி. வெள்ளிக்கிழமை முழுக்கத் தோளில் வைத்திருந்துவிட்டுத் திங்கட்கிழமை விட்டுப்போனால் அது தவிக்கும்.

இன்னொரு கிளி இப்போதைக்கு வேண்டாம். வியன்னாவில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளை ஆராய்ந்து 2014-இல் சொன்னார்கள், தனியாக வளர்ந்தவற்றின் குரோமோசோம் முனைகள் ஜோடியாக வளர்ந்தவற்றைவிடக் குட்டையாக இருந்தன என்று. தனிமை உடம்பையே தொடுகிறது, அதனால் துணை என்பதை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றே தூக்கம் கெட்டு இறகு பிடுங்கும்போது இரண்டாவதைக் கொண்டுவந்தால், அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் தனியறை, நோய்ப் பரிசோதனை, சண்டை போட்டால் தனிக்கூண்டு, இரு மடங்கு சத்தம். பூந்திக்கு இறகு முளைக்கட்டும். ஆறு மாதம் கழித்தும் உன் வேலை இப்படியே இருந்தால் அப்போது யோசிப்போம்.

வேலை நைட் ஷிப்ட்டாக மாறிவிட்டால், காலை நேரமுள்ள ஒரு நல்ல குடும்பத்துக்குக் கொடுப்பதில் தவறில்லை. அப்படி யாராவது இருக்கிறார்களா என்று நானும் இங்கே விசாரிக்கிறேன். யாராவது "பறக்கவிடு, புண்ணியம்" என்றால் கேட்காதே. காக்கைகள் ஒரு நாள்கூட விடாது. உன் அப்பா சின்ன வயதில் வளர்த்த பச்சைக்கிளி மாதிரி ஒன்று மாற்றாக வாங்கலாம் என்றும் சொல்வார்கள். நம்மூர்க் கிளியை வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பூந்தி வெளிநாட்டு இனம், வளர்க்கலாம். ஆனால் 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கடைக்காரர் கொடுத்த ரசீதைத் தேடி எடுத்து அந்த வேலையையும் முடித்துவிடு.

சனிக்கிழமை மருத்துவர் என்ன சொன்னார் என்று அன்று மாலையே போன் பண்ணு. எடையையும் சொல். பெரியம்மா சணல் கயிறும் சுரண்டின கொட்டாங்குச்சியும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறாள், புதன்கிழமை சென்னை வருகிற உன் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா