பொக்குக் கடலையும் ஒரு பம்ப் பிரச்சினையும்

ஹாஸ்டல் வாசலில் அவித்த கடலை வாங்கி உரிக்கிறீங்க. ஓடு நல்லா பெருசா இருக்கு. அழுத்தினா உள்ளே ஒண்ணுமே இல்லை. ஊர்ல இதைப் பொக்குன்னு சொல்வாங்க. நாம அடுத்த காயை எடுத்துடுவோம். விளைவிச்சவருக்கு அது மூன்றரை மாத உழைப்பு. அதிலும் கொடுமை என்னன்னா, இலை பச்சைப்பசேல்னு இருக்கும். செடியைப் பிடுங்கும்போதுதான் விஷயம் தெரியும்.

இதற்கு முக்கியக் காரணம் கால்சியம் பற்றாக்குறை. "மண்ணுல இருக்கிறதை வேர் உறிஞ்சி அனுப்பாதா?"ன்னு கேட்பீங்க. அனுப்பும், ஆனா இலைக்கு. கால்சியம் சைலம் குழாயில் தண்ணீரோடு சேர்ந்துதான் பயணிக்கும். அந்தத் தண்ணீரை இழுக்கும் பம்ப், இலையில் நடக்கும் நீராவிப்போக்கு. நிலக்கடலை பூப்பது மண்ணுக்கு மேலே. கருவுற்றபின் விழுது கீழே இறங்கி, மண்ணுக்குள்தான் காய் பிடிக்கும். புதைந்து கிடக்கும் காயிலிருந்து தண்ணீர் ஆவியாகாது. அதாவது, பம்ப் இல்லாத லைன்! சர்க்கரை ஃப்ளோயம் வழியா காய்க்கு வந்துடும். கால்சியம் ஃப்ளோயத்தில் அனேகமாக நகர்வதே இல்லை; இலைக்குப் போனது இலையிலேயே தங்கிடும். அதனால காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து, தன் ஓடு வழியாகவே கால்சியத்தை எடுத்துக்கணும். (செடியின் மற்ற பாகங்களுக்கு வேர், காய்க்கு அதுவே வேர். எனக்கு இதைப் படிச்சப்போ நம்பவே முடியலை.)

இதனால்தான் விதைத்த 40-45ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்றாங்க. விழுது இறங்கும் இடத்திலேயே கால்சியம் இருக்கணும். சுண்ணாம்புக்கல் தூள் போதாதான்னா, அது தூய நீரில் கரைவது லிட்டருக்குச் சில மில்லிகிராம். ஜிப்சம் 2 கிராமுக்கு மேல் கரையும். கூடவே கிடைக்கும் கந்தகம் எண்ணெய்க்கும் நல்லது.

பொட்டாஷை விழுதுப் பகுதியில் அள்ளிப் போட்டாலும் சிக்கல்தான். பொட்டாசியம் அயனிகள் கால்சியத்தோடு போட்டி போட்டு, காய்க்குள் போகவிடாது.

இன்னொண்ணு, ஜிப்சம் போட்ட வயலிலும் மேல்மண் காஞ்சு கிடந்தா பொக்கு விழும். கரைஞ்சு வந்தாத்தானே காய் எடுத்துக்கும்? ஆழத்தில் ஈரம் இருந்தா செடி வாடாது. மேலே ரெண்டு மூணு அங்குலம் காஞ்சாலே காய்க்குப் பட்டினி.